கேமரன் மலையின் பழைய தோட்ட வீடுகளில் விறகுக் கணப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, கம்போங் ராஜா பக்கம் பழைய கிராணி வீட்டிலோ துரை பங்களாவிலோ லயத்து வீட்டிலோ குடியிருந்துகொண்டு, ராத்திரிக் குளிருக்கு ஒரு விறகு அடுப்பு வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதியது இது. ஈப்போவிலும் கிள்ளானிலும் காற்றாடிக்குக் கீழே படுத்திருக்கும் சொந்தக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வீட்டைச் சூடாக்கும் அளவுக்கு இங்கே குளிர் இருக்கிறதா?

தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இரவில் 14, 15 டிகிரி சாதாரணம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இன்னும் கொஞ்சம் இறங்கும். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி கேமரன் மலையில் 7.8 டிகிரி பதிவானது.

எண்ணை மட்டும் பார்த்தால் இது பெரிய குளிர் இல்லை. ஆனால் நம் வீடுகள் சூட்டைப் பிடித்து வைக்கக் கட்டப்பட்டவை அல்ல. ஒற்றைப் பலகைச் சுவர், தகரக் கூரை, கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி. வெளியே 15 என்றால் உள்ளே 16, 17தான். அதைவிட முக்கியம், இரவுக் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. கம்பளி பிசுபிசுக்கிறது, அலமாரியில் தொங்கும் சட்டைக் காலரில் பூஞ்சணம் பிடிக்கிறது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடுகிறது. குளிர் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதிக்கு மேல் ஈரம்தான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 16 டிகிரியில் 95 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 65 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஆறு டிகிரி ஏற்றினாலே வீடு காய்ந்துவிடுகிறது. ஆகவே நமக்குத் தேவை சின்ன நெருப்பு, காய்ந்த விறகு, ஒழுங்கான புகைபோக்கி. இந்த மூன்றும் இல்லாமல் பெரிய அடுப்பாக வாங்கிப் புண்ணியமில்லை.

அடுப்பு வாங்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

ஏணி போட்டுக் கூரையைப் பாருங்கள். ஒழுகும் தகரம், இலை அடைத்த பீலி, மண் சரிந்து மூடிப்போன பின்பக்கக் கால்வாய், இவைதான் வீட்டுக்குள் ஈரத்தைக் கொண்டுவருகின்றன. மலைச் சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவரை ஒட்டி மண் ஏறியிருக்கும். சுவரின் கால் எப்போதும் நனைந்தே கிடக்கும். அந்த மண்ணை ஓரடி தள்ளி வெட்டி, தண்ணீர் ஓட வழி செய்துவிட்டால் சுவர் தானாகக் காயத் தொடங்கும். இதற்கு ஒரு மண்வெட்டி போதும்.

அப்புறம் சீலிங். சீலிங் இல்லாத அறையில் அடுப்பு வைப்பது தகரத்தைச் சூடாக்கத்தான் உதவும். ஆனால் ஒரு எச்சரிக்கை: பழைய தோட்ட வீடுகளில் சாம்பல் நிறத்தில் இருக்கும் சீலிங் அட்டையும் நெளி கூரை அட்டையும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்புண்டு. அதைத் துளைக்கவோ அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

மழைக்காலத்தில் துணியை அறைக்குள் காயப்போடுகிறவர்களுக்கு: ஒரு தடவை துவைத்த துணியெல்லாம் உலர்ந்தால் லிட்டர் கணக்கில் தண்ணீர் அறைக் காற்றில் ஏறுகிறது. பின்கட்டுக்கு மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு வீட்டில் குளிர் தாங்கும்படி இருக்கிறது, பூஞ்சணம் மட்டும்தான் தொல்லை என்றால், ஈரம் உறிஞ்சும் மின்கருவி ஒன்று வாங்கினால் போதும். விறகு சுமக்கும் வேலை மிச்சம். இதை அடுப்பு விற்கிறவர் சொல்லமாட்டார்.

கரியடுப்பை மூட்டி அறைக்குள் வைத்துக்கொண்டால் போதாதா? பாட்டி காலத்தில் அப்படித்தானே செய்தார்கள்?

வேண்டவே வேண்டாம். பாட்டி காலத்து லயத்து வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்று ஓடியது. இப்போது சன்னலுக்குக் கண்ணாடி, கதவுக்கு ரப்பர் பட்டை எல்லாம் போட்டு அடைத்திருக்கிறோம். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. புகை இல்லாத நல்ல கரி என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். மாத்தாங் சதுப்புநிலக் காட்டு மரத்தை குவாலா செபெத்தாங் சூளைகளில் சுட்டு எடுக்கும் பாக்காவ் கரி நாட்டிலேயே பேர் பெற்றது. அதுவும் மூடிய அறையில் ஆளைக் கொல்லும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. சுற்றுலாவுக்கு வந்தவர்கள் மீன் சுட்ட அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்து வைத்துக்கொள்வதும் இதே வகைதான்.

புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரும் மண்ணெண்ணெய் ஹீட்டரும் வேறு விதத்தில் ஏமாற்றும். எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே சேர்கிறது. எதைத் துரத்த நினைத்தோமோ அதையே உள்ளே அழைத்து உட்காரவைத்த கதை. விறகு எரியும்போதும் ஆவி வரும், ஆனால் அது புகைபோக்கி வழியே வெளியே போய்விடுகிறது.

விறகு அடுப்பு வைத்த அறையிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி மாட்டுங்கள். கருவியின் பின்புறம் ஆயுள் முடியும் ஆண்டு அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டினால் விளக்கு எரிந்தாலும் நம்பாதீர்கள்.

பங்களாவில் வெள்ளைக்காரர் காலத்துச் செங்கல் கணப்பு இருக்கிறது. அதையே மூட்டலாமா?

மூட்டலாம், ஆனால் நேராக இன்றைக்கே அல்ல. பல ஆண்டுகள் சும்மா கிடந்த புகைபோக்கியில் பறவைக் கூடு இருக்கும், செங்கல் இடுக்குச் சாந்து உதிர்ந்திருக்கும். அந்தக் கீறல் வழியாகத்தான் தீப்பொறி கூரைச் சட்டத்துக்குப் போகிறது. கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக் கீழிருந்து வானம் தெரிகிறதா பாருங்கள். பிறகு நெருப்பு மூட்டாமல் ஒரு தட்டில் ஈரச் சாக்கைப் புகையவிட்டு, மேல் மாடியிலும் சீலிங்குக்கு மேலும் புகை கசிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கசிந்தால் உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்காமல் பயன்படுத்தக் கூடாது.

திறந்த கணப்பு அழகுக்குத்தான். விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் அறைக்கு வரும். மீதி புகையோடு போய், போகிற வழியில் அறையின் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதே குழியில் கதவு வைத்த இரும்பு அடுப்பை உட்காரவைத்தால் 65 முதல் 80 விழுக்காடு சூடு அறைக்குக் கிடைக்கும்.

எவ்வளவு பெரிய அடுப்பு வேண்டும்?

5 மீட்டருக்கு 5 மீட்டர் பலகைக் கூடம் ஒன்றை ஆறு டிகிரி ஏற்ற 2 முதல் 3 கிலோவாட் போதும். ஆகவே 4 அல்லது 5 கிலோவாட் அடுப்புக்கு மேல் போகாதீர்கள். ஐரோப்பியக் குளிருக்குச் செய்த 10 கிலோவாட் அடுப்பை இங்கே வைத்தால் அறை கால் மணியில் வெந்துவிடும். காற்றுத் துவாரத்தை மூடி நெருப்பை அடக்குவீர்கள். அடங்கிய நெருப்பு கனன்று புகையும், புகை குளிர்ந்து குழாய்க்குள் தாராகப் படியும். பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கு இதுவே மூலம்.

வெல்டரிடம் சொல்லிப் பழைய எண்ணெய் தோம்பில் அடுப்பு செய்துகொள்ளலாமா?

தாப்பாவிலும் ஈப்போவிலும் கைதேர்ந்த வெல்டர்கள் இருக்கிறார்கள். கொல்லைப்புறத்தில் அண்டா வைக்க அவர்கள் செய்யும் அடுப்பு நன்றாக உழைக்கும். வீட்டுக்குள் வைக்க நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தோம்புத் தகடு மெல்லியது, சூட்டில் அரித்துப்போகும், கதவு சரியாகப் பொருந்தாது. எரிவாயு தோம்பை வெட்டி அடுப்பு செய்கிறார்களே, உள்ளே மிச்சம் நிற்கும் வாயு வெட்டும்போதே வெடிக்கக்கூடியது.

செய்துதான் தீருவேன் என்றால், குழாயிலாவது பிடிவாதமாக இருங்கள். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய், அலுமினியச் சுருள் குழாய் இரண்டும் கூடாது. துத்தநாகம் அதிகச் சூட்டில் விடும் புகை உடம்புக்குக் கேடு.

புகைபோக்கியை எப்படி அமைப்பது?

பணம் குறைவாக இருந்தால் அடுப்பில் சிக்கனம் பிடியுங்கள், இதில் வேண்டாம். புகையை இழுப்பது அடுப்பல்ல, குழாயின் உயரமும் அதன் சூடும்தான்.

குழாய் நேராக மேலே போகட்டும். சுவரைத் துளைத்துப் பக்கவாட்டில் இழுத்து, வெளியே வளைத்து மேலே ஏற்றும் பழக்கம் இங்கே அதிகம். கூரையைத் துளைத்தால் ஒழுகும் என்ற பயம்தான் காரணம். வெளியே நிற்கும் குழாய் மழையிலும் மூடுபனியிலும் குளிர்ந்துபோகும், இழுப்பு செத்துவிடும். அடுப்பிலிருந்து நுனி வரை நாலரை மீட்டர் உயரமாவது வேண்டும். கூரையைத் தாண்டிக் குறைந்தது மூன்றடி, பத்தடி சுற்றளவில் இருக்கும் முகட்டையோ சுவரையோ விட இரண்டடி கூடுதலாக நிற்க வேண்டும். இல்லையென்றால் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் காற்று முகட்டில் மோதிப் புகையைத் திரும்ப உள்ளே தள்ளும்.

அறைக்குள் தெரியும் பகுதிக்கு ஒற்றைச் சுவர்க் குழாய் போதும். சீலிங்கைத் தொடும் இடத்திலிருந்து மேலே முழுக்க இரட்டைச் சுவர்க் குழாய், நடுவே வெப்பத் தடுப்பு அடைத்தது. பல அடுப்புகளுக்கு 150 மில்லிமீட்டர் விட்டம். அடுப்பின் வாயைவிடச் சிறிய குழாய் போடக்கூடாது. நுனியில் மழைத் தொப்பியும், பறவை நுழையாதபடி கொஞ்சம் பெரிய கண் உள்ள வலையும் வேண்டும். கண் சின்னதாக இருந்தால் கரி படிந்து அடைத்துவிடும். தகரத்தில் குழாய் நுழையும் இடத்துக்குச் சூடு தாங்கும் சிலிகோன் பாவாடை கிடைக்கிறது. அதை ஒழுங்காகப் போட்டால் ஒழுகாது.

பலகைச் சுவருக்கு எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்?

அடுப்போடு வரும் குறிப்பில் உள்ள அளவே முதல் சட்டம். குறிப்பு இல்லையென்றால் அடுப்பைச் சுற்றி 90 சென்டிமீட்டர், ஒற்றைச் சுவர்க் குழாயைச் சுற்றி 45 சென்டிமீட்டர். இடம் இல்லாத வீட்டில் சுவருக்கும் அடுப்புக்கும் நடுவே தகடு நிறுத்தி, தகட்டுக்கும் பலகைக்கும் இடையே மேலும் கீழும் காற்று ஓடும்படி ஓர் அங்குலம் விட்டால் தூரத்தைக் குறைக்கலாம். தகட்டைப் பலகையில் ஒட்டி ஆணியடித்தால் அது தகடே இல்லாததற்குச் சமம். பலகைக்கு உடனே தீப்பிடிக்காது. வருடக்கணக்காகச் சூடேறிக் கருகி, முன்பைவிடக் குறைந்த சூட்டில் பற்றும் நிலைக்கு வந்திருக்கும். அதனால்தான் இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்ற பேச்சு செல்லாது.

அடுப்புக்கு அடியில் செங்கலோ சிமெண்டோ போட்டு, கதவுக்கு முன்னால் 45 சென்டிமீட்டர் வரை நீட்டுங்கள்.

எந்த விறகு நல்லது?

கீழே தாப்பா, பீடோர் பக்கமிருந்து லோரியில் ஏறிவரும் பால்மரக் கட்டைதான் எளிதில் கிடைப்பது. ரப்பர் தோட்டங்களில் 25, 30 வருடத்தில் பால் குறைந்த மரத்தை வெட்டி மறுநடவு செய்கிறார்கள். காய்ந்தால் சீராக எரியும், பிளக்கவும் சுலபம். குறை என்னவென்றால், மாவுச்சத்து நிறைந்த மரம். வெட்டிப் போட்ட சில நாட்களில் நீலம் பாய்ந்து பூஞ்சணம் பிடிக்கும், துளைவண்டு ஏறும். ஆகவே உருட்டுக் கட்டையாக மழையில் குவித்து வைக்காமல், வந்த வாரமே பிளந்துவிடுங்கள். ஒரே தடவையில் ஒரு மாதத்து விறகை வீட்டுக்குள் அடுக்கினால் அந்த வண்டு உங்கள் பால்மர மேசை நாற்காலிக்கும் குடிபோகும்.

என் வாக்கு தேயிலைக் கட்டைக்கு. கவாத்து வெட்டும்போதும், கிழட்டுச் செடியை வேரோடு பிடுங்கும்போதும் கிடைப்பது. கை பருமன்தான் இருக்கும், கோணல்மாணலாக அடுக்கவே வராது, ஆனால் கனமான மரம், சின்ன அடுப்புக்கு அளவெடுத்தது போல. சுள்ளிகள் பற்றவைக்க அருமை. தோட்டத்தில் கேட்டுவிட்டு எடுங்கள்.

ரம்புத்தான், டுரியான், கொய்யா என்று வீட்டு மரம் எது வெட்டினாலும் காய்ந்தால் விறகுதான். மர வகையைப் பற்றி ஊரில் நடக்கும் வாக்குவாதத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஒரே எடையில் எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் தருகிறது. வித்தியாசம் ஈரத்தில் இருக்கிறது. 20 விழுக்காடு ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் சுமார் 4 கிலோவாட் மணி சூடு உண்டு. எடையில் பாதி தண்ணீராக நிற்கும் பச்சை விறகில் அது 2ஐக் கொஞ்சம் தாண்டும். எடையில் பாதி மரமே இல்லை, இருக்கும் சூட்டிலும் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கப் போகிறது.

இந்த மழையில் விறகு காயுமா?

காயும், ஒரு எல்லை வரை. இங்குள்ள ஈரப்பதத்தில் வெளியே கொட்டகையில் எத்தனை மாதம் வைத்தாலும் 18, 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. மரம் காற்றோடு சமாதானமாகிவிடும். அதுவே எரிக்கப் போதுமானதுதான்.

மேலே தகரம், பக்கங்கள் திறப்பு, தரையிலிருந்து ஓரடி உயரம், காற்று வரும் திசைக்கு முகம். தார்ப்பாயைச் சுற்றி மூட்டையாகக் கட்டிவைத்தால் உள்ளேயே புழுங்கி அழுகும். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், கரையானுக்கு ஏணி வைத்துக் கொடுப்பதாகும். பூரானும் தேளும் அடுக்கில் தங்கும், கையுறை போட்டு எடுங்கள். ஏப்ரல், மே மாதத்திலும் அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம். ஆகவே டிசம்பர் குளிருக்கு வேண்டிய விறகை நடு வருடத்து வெயிலிலேயே காயவைத்தாக வேண்டும். கடைசியாக இரண்டு நாள் விறகை அடுப்பறையில், அடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கூடையில் வைத்தால் இன்னும் இரண்டு மூன்று விழுக்காடு இறங்கும்.

ஈரமானி இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. கட்டையின் வெளித்தோலில் குத்திப் பார்ப்பது வீண். பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் குத்துங்கள்.

எதை எரிக்கக் கூடாது?

பெயிண்ட் அடித்த பழைய பலகை, ஒட்டுப்பலகை, மருந்தேற்றிய மரம், தார் ஊறிய ரயில் சிலிப்பர் கட்டை. பழைய பெயிண்டில் ஈயமும், பச்சை நிறமாக மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக்கும் இருக்கலாம். சாமான் வரும் மரத் தட்டுகளில் முத்திரையைப் பாருங்கள்: சூடேற்றிப் பதப்படுத்தியது என்றால் சரி, மீத்தைல் புரோமைடு போட்டது என்றால் விட்டுவிடுங்கள். காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரத் துண்டை வைத்துப் பற்றவைக்கும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும்.

பற்றவைத்ததும் புகை அறைக்குள் திரும்புகிறது. ஏன்?

பெரும்பாலும் குழாய்க்குள் குளிர்ந்த காற்று அடைத்து நிற்கிறது. ஒரு பக்கம் செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்து, அடுப்புக்குள் மேல்வாயருகே பிடித்தால் அடைப்பு விலகும். அடுத்த சந்தேகம் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன். அது ஓடும்போது வீட்டுக்குள் வரவேண்டிய காற்றைப் புகைபோக்கி வழியாக இழுக்கிறது. ஒன்று ஃபேன், இல்லை அடுப்பு.

பற்றவைக்கும் முறை: பெரிய கட்டை அடியில், சின்னது நடுவில், சுள்ளி உச்சியில், நெருப்பு உச்சியிலிருந்து கீழிறங்கட்டும். முதலில் யாரும் நம்பமாட்டார்கள், புகை குறைவதைப் பார்த்த பிறகு மாறிவிடுவார்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம்.

ராத்திரி முழுக்கக் கனன்றுகொண்டிருக்க விடலாமா?

கூடாது. மாலை ஆறு மணிக்கு மூட்டி, நன்றாக ஜுவாலை விட்டு எரித்து, ஒன்பது பத்துக்கு அணையவிடுங்கள். செங்கல் தளமும் இரும்பும் இன்னும் சில மணி நேரம் சூடு விட்டுக்கொண்டிருக்கும். அதற்குள் போர்வைக்குள் போயிருப்பீர்கள்.

புகைபோக்கியை யார் சுத்தம் செய்வார்கள்?

இங்கே அதற்கென்று ஆள் கிடையாது, நாமேதான். குழாய் விட்டத்துக்குப் பொருந்தும் வட்டத் துடைப்பமும் இணைக்கும் கம்புகளும் வாங்கி வருடத்துக்கு இரண்டு முறை தேய்த்துவிடுங்கள். வருவது உலர்ந்த சாம்பல் நிறக் கரியென்றால் நலம். பளபளப்பான கறுப்புத் தார் என்றால் விறகு ஈரம், அல்லது நெருப்பை அடக்கி எரிக்கிறீர்கள். அந்தத் தார் ஒரு நாள் பற்றிக்கொண்டால் குழாய் உறுமும், நுனியில் தீ தெரியும். அடுப்பின் காற்றுத் துவாரங்களை மூடுங்கள், எல்லோரும் வெளியே வாருங்கள், 999ஐ அழைத்து பொம்பாவை (தீயணைப்புப் படையை) வரச்சொல்லுங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும்.

சட்டப்படி ஏதாவது சிக்கல் வருமா?

1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. புகைபோக்கி வழியாகப் போகாமல் வெளியில் எரியும் நெருப்பைத்தான் அது அப்படிச் சொல்கிறது. ஆகவே அடுப்பு அதில் வராது, கொல்லையில் இலை கொளுத்துவது வரும். வனக் காப்பகத்தில் உரிமம் இல்லாமல் மரம் எடுப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம், விழுந்த மரமானாலும். வீடு தோட்டத்துடையது என்றால் கூரையில் ஓட்டை போடும் முன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த மானேஜர் வரும்வரைதான்.

மின்சார ஹீட்டரோடு ஒப்பிட்டால் மிச்சமாகுமா?

2 கிலோவாட் ஹீட்டர் மூன்று மணி நேரம் ஓடினால் 6 யூனிட். அதே சூட்டுக்கு நல்ல அடுப்பில் காய்ந்த விறகு இரண்டரை கிலோ போதும். உங்கள் மின்கட்டணத்தையும் விறகு லோரிக்காரர் கேட்கும் வெள்ளியையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆனால் குழாய்ச் செலவு பெரியது. வருடத்தில் சில வாரம் மட்டும் குளிர் தாங்காது என்பவருக்கு மின்சாரமே லாபம்.

வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கிறது.

அப்படியானால் விறகு அடுப்பு வேண்டாம்.

அடுப்பு மேலேயே சமைக்கலாமா? குளிக்க வெந்நீர்?

தட்டையான மேல்தகடு இருந்தால் ரசம் கொதிக்கும், கெட்டிலில் தண்ணீர் சுடும். தோசைக்குச் சூடு ஒரே மாதிரி நிற்காது. அடுப்புக்குள் குழாய்ச் சுருள் விட்டு வெந்நீர் எடுக்க நீங்களாக முயலாதீர்கள். ஆவி வெளியேற வழியில்லாமல் அடைபட்டால் அது வெடிகுண்டு.

சாம்பலை என்ன செய்வது?

மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டை விட்டுத் தள்ளிச் சிமெண்டுத் தரையில் வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் பையோ அட்டைப் பெட்டியோ கூடாது. நன்றாக ஆறியதும் பாத்திரம் தேய்க்கலாம். கீரைப் பாத்தியில் ஒரு கைப்பிடி தூவலாம், இந்த மலை மண்ணின் புளிப்பைக் கொஞ்சம் குறைக்கும். தேயிலைச் செடிக்குப் போடாதீர்கள், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். ஸ்ட்ராபெர்ரிக்கும் அப்படியே.